பாஷைப் பாடமும் பிள்ளை விளையாட்டும்

தமிழ்நாட்டில் பாஷையைப் பற்றிய வாதத்துக்கு ஒருநாளும் பஞ்சமிருந்ததில்லை. 1937-ல் தொடங்கி, 1965-ல் கொழுந்துவிட்டெரிந்து, 1968-ல் சட்டசபைத் தீர்மானத்தின் மூலம் இரு பாஷைக் கொள்கையாக உருவெடுத்து, 2020-ல் தேசியக் கல்விக் கொள்கை பிரசுரமான பிறகு மறுபடியும் மூண்ட அந்த வாதம், நம் பிள்ளைகளுக்கு எந்தெந்தப் பாஷைகளைக் கற்பிப்பது என்பதைப் பற்றியது. அதன் நியாய அநியாயங்களை இங்கே விசாரிக்க நாம் முற்படவில்லை. ஆனால் அதில் ஈடுபட்ட இரு கட்சியாரும் ஏறக்குறைய மறந்தே போன விஷயம் ஒன்று உண்டு. எந்தப் பாஷையானாலும் சரி, அதன் வார்த்தைகள் ஆறு வயதுக் குழந்தையின் நாவில் எவ்விதம் ஏறுகின்றன? இன்று ஏறின வார்த்தை நாளையும் அங்கே நிற்கிறதா? இதற்கு விடை மேடையில் கிடைக்காது. ஆரம்பப் பள்ளியின் தரையிலேதான் கிடைக்கும். அந்த விடையில் பெரும் பங்கு விளையாட்டுக்கு உரியது என்று நாம் சொன்னால், நமது நேயர்களில் சிலர் புன்னகை செய்யக்கூடும். தேசத்தின் பெரிய காரியங்கள் அநேகம் காத்திருக்கையில் பிள்ளை விளையாட்டுக்கு ஒரு தலையங்கமா என்று கேட்கவும் கூடும். சற்றுப் பொறுமையுடன் மேலே வாசிக்கும்படி அவர்களை வேண்டிக்கொள்கிறோம்.

'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியைப் பள்ளிக்கூடத்துக்கும் பொருத்திப் பார்த்தவர்கள் நம் முன்னோர்கள். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதினார்கள். ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் நிகண்டையும் நெட்டுருப் பண்ணினார்கள். அந்த முறையை முழுவதும் இகழ்வது நியாயமாகாது. ஓசையின் துணைகொண்டு ஆயிரக்கணக்கான சொற்களை ஞாபகத்தில் நிறுத்திய வித்தை அது. எனினும் மனப்பாடமான சொல் வேறு, வாயில் வழங்கும் சொல் வேறு. நிகண்டில் யானைக்கு எத்தனை பெயர் உண்டென்று ஒப்பிக்கத் தெரிந்த பையன், தனக்குக் காலில் முள் தைத்த கதையை நாலு வாக்கியத்தில் சொல்லத் தெரியாமல் நின்றதும் உண்டு.

அதே திண்ணைப் பள்ளியில், மேல்நாட்டார் கண்டு வியந்து கொண்டுபோன நல்ல அம்சம் ஒன்றும் இருந்தது. எழும்பூரில் ராணுவச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளிக்கு 1789-ல் தலைவரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்தி, பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்ற பெயரோடு பரவிற்று. ஒரே உபாத்தியாயர் வாயையே அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிராமல், பிள்ளை பிள்ளையோடு பேசிக் கற்க வேண்டுமென்பது அதன் சாரம். வகுப்பறை விளையாட்டின் சாரமும் அதுவேதான். ஆகையால் இது அந்நியச் சரக்கென்று ஒதுக்கத்தக்கதன்று.

படத்தையும் சொல்லையும் இணைத்துக் குழந்தைகளுக்கென்றே நூல் செய்த கொமேனியஸ், தமது சித்திரப் புத்தகத்தை 1658-ல் வெளியிட்டார். மரியா மாண்டிஸோரி அம்மையார் 1939-ல் அடையாற்றுக்கு வந்து, நம் உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருக்கு முன்னரே, 1920-ல், வக்கீல் தொழிலை விட்ட கிஜுபாய் பதேகா பாவநகரில் பால மந்திரம் கண்டார். அவர் எழுதிய 'திவாஸ்வப்னம்' என்னும் கதையில் வரும் உபாத்தியாயர், முதல் நாளன்றே பிள்ளைகளை மௌன விளையாட்டு ஆடச் சொல்கிறார். பிள்ளைகளோ கூச்சலிட்டுச் சிரிக்கிறார்கள், விளையாட்டு தோற்றுப்போகிறது. உடனே அவர் முறையை மாற்றிக் கதை சொல்லத் தொடங்குகிறார். புத்தகத்தில் நன்றாயிருக்கும் விளையாட்டெல்லாம் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நன்றாயிராது என்ற உண்மையை இதைவிடத் தெளிவாகச் சொல்வது அரிது.

இப்போது நிகழ்காலத்துக்கு வருவோம். பிரதம் ஸ்தாபனத்தாரின் 'அசர்' கணக்குப்படி, இந்தியக் கிராமங்களில் சர்க்கார் பள்ளிகளில் 3-ம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளில் 2-ம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வல்லவர்கள், 2018-ல் 100-க்கு 20.9 பேர், கொரோனா நோயால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் 2022-ல் 16.3 பேர், 2024-ல் 23.4 பேர். ஏறியிருக்கிறதென்று சந்தோஷப்படலாம். நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகள் இன்னும் கரையேறவில்லை என்பதை மட்டும் மறக்கலாகாது. வாசிப்புத் தடைப்படுவதற்கு எழுத்துத் தெரியாமை ஒரு காரணம். சொல் தெரியாமை மற்றொரு காரணம். எழுத்துக் கூட்டி 'கலப்பை' என்று படித்துவிட்ட பட்டணத்துக் குழந்தைக்குக் கலப்பை என்றால் என்னவென்று தெரியாவிட்டால், அது வெறும் சப்தந்தானே!

மத்திய சர்க்கார் 2021 ஜூலையில் 'நிபுண் பாரத்' இயக்கத்தைத் தொடங்கி, 3-ம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தும் எண்ணும் வரவேண்டுமென்று 2026-27-ம் வருஷத்தைத் தவணையாக வைத்தனர். தமிழ்நாடு சர்க்கார் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கி, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, பாட்டு, கதை, பொம்மலாட்டம், செயல்கள் வாயிலாகக் கற்பிக்க ஏற்பாடு செய்தனர். அதற்கு முன்னர் 2003-ல் சென்னைக் கார்ப்பொரேஷன் பள்ளிகளில், ரிஷி வேலிப் பள்ளியின் அநுபவத்தை ஒட்டி அட்டைகளைக் கொண்டு செயல்வழிக் கற்றல் ஆரம்பமாகி, பின்னர் ராஜ்யமெங்கும் பரவிற்று. 2023-ல் தில்லியிலிருந்து பொம்மைகளும் புதிர்களும் சித்திர அட்டைகளும் அடங்கிய 'மாயப் பெட்டி' ஒன்றும் வெளியாயிற்று. கட்சிகள் மாறினாலும், சர்க்கார்கள் ஒன்றோடொன்று முரண்பட்டாலும், குழந்தை விளையாடிக் கற்கவேண்டும் என்பதில் எல்லோரும் ஒருமனப்பட்டிருக்கிறார்கள். இது நல்ல அறிகுறியே.

ஒருமனப்படாத இடம் வேறு. விளையாட்டு என்பது கசப்பு மருந்தின்மேல் தடவிய தேன் என்று பலர் நினைக்கிறார்கள். பாடம் கசக்கும், ஆகவே நடுவில் சிறிது ஆட்டம் போட்டுக் குழந்தையை ஏய்த்துவிடலாம் என்பது அவர்களுடைய எண்ணம். இந்த எண்ணமே தவறு என்பது நமது துணிபு. பாஷை கற்பிக்கும் விளையாட்டின் பெருமை அது சந்தோஷம் தருவதில் மட்டுமில்லை. ஒரு சொல்லை அவசியமாக்குவதில் இருக்கிறது. 'சீப்பு என்று சொல்' என்று உபாத்தியாயர் கட்டளையிட்டால் குழந்தை சொல்லும், மறக்கும். சீப்பு என்று சொன்னால்தான் ஆட்டம் நகரும் என்று ஏற்பட்டுவிட்டால், அந்தச் சொல்லைத் தன் மனத்துக்குள் தானே தேடி எடுத்துவரும். இவ்விதம் தேடி எடுப்பதனாலேயே சொல் நிலைக்கிறது.

உதாரணமாக, தரையில் ஒரு துணியை விரித்து, சாவி, சீப்பு, கரண்டி, கூழாங்கல், ஊசி, இலை, மணி என்று ஏழு பொருள்களைப் பரப்பவேண்டியது. பிள்ளைகள் பெயர் சொல்லிப் பார்த்த பிறகு, அவர்கள் கண்ணை மூடியிருக்கையில் ஒன்றை எடுத்துவிட வேண்டியது. எது காணோம்? இதற்கு விரலால் சுட்டிக்காட்டிப் பதில் சொல்ல முடியாது, பொருள்தான் அங்கே இல்லையே! வாயைத் திறந்து சொன்னாலொழிய வேறு வழியில்லை. இந்த ஆட்டம் மேல்நாட்டுப் பள்ளிகளிலும் சாரணர் படைகளிலும் 'கிம் விளையாட்டு' என்ற பெயரால் வழங்குகிறது. கிப்ளிங் 1901-ல் வெளியிட்ட நாவலில், சிம்லாவில் ஒரு கடையில், தட்டில் பரப்பிய கற்களைச் சிறிது நேரமே பார்த்து, மூடியபின் ஒன்றுவிடாமல் சொல்லிக் கிம் என்ற வெள்ளைக்காரப் பையனைத் தோற்கடிப்பவன் ஒரு ஹிந்துச் சிறுவன். பெயர்மட்டும் தோற்றவனுக்குப் போயிற்று!

இவ்வகையைச் சேர்ந்தவை இன்னும் பல உண்டு. துணிப்பைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்து, இன்ன பொருள் என்று சொல்வது ஒன்று. இரண்டு பிள்ளைகள் முதுகோடு முதுகு சாய்ந்திருந்து, ஒருவன் தன் கையிலுள்ள படத்தை வருணிக்க, மற்றவன் அதைக் கேட்டுச் சிலேட்டில் வரைவது மற்றொன்று. பேசக் கூசும் புதுப்பிள்ளைகளுக்கு, 'எழுந்திரு', 'கதவைத் தொடு', 'இலையைத் தலைமேல் வை' என்ற கட்டளைகளைக் கேட்டுச் செய்யும் ஆட்டம் உகந்தது. முதலில் காது பழகட்டும், பிறகு நா தானே எழும் என்ற இந்தக் கொள்கையை அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் விரித்துரைத்தார். நம் தெருவிலே இரண்டு வரிசையாக எதிரெதிர் நின்று, எந்த மாதத்தில், எந்தப் பூவை, யாரை அனுப்பிப் பறிப்பது என்று மாறி மாறிக் கேட்டாடும் சிறுமிகளைக் கவனித்தவர்கள் ஒன்றை அறிவார்கள். அங்கே வாக்கியம் மாறுவதில்லை. அதில் ஒரு சொல் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. பாஷா சாஸ்திரிகள் யோசித்து ஏற்படுத்தும் பயிற்சி இதுவே. நம் விடுகதைகளும் அப்படித்தான். பொருளின் பெயரை மறைத்து, அதன் குணத்தை மட்டும் சொல்லி, பெயரைத் தேட வைக்கின்றன. அவற்றைக் கேட்பதோடு நில்லாமல், பிள்ளைகளே புதிதாகக் கட்டவும் பழக்கினால் பயன் இரட்டிக்கும்.

விளையாட்டென்ற பெயரால் நடப்பதெல்லாம் இத்தகுதி உடையதன்று. ஆங்கில வகுப்புகளில் பிரசித்தமான தூக்குமர ஆட்டம் ஒன்று இருக்கிறது. எழுத்து எழுத்தாக ஊகித்துச் சொல்லைக் கண்டுபிடிக்கவேண்டும். அதில் எழுத்துக்குப் பழக்கம் கிடைக்கிறதே தவிர, அச்சொல்லின் அர்த்தம் தெரியாமலே வெற்றிபெறலாம். ஜோடி அட்டைகளைத் திருப்பும் ஆட்டத்தில், திருப்பும்போது பெயர் சொல்லவேண்டும் என்ற விதி இல்லாவிட்டால், பிள்ளைகள் வாயே திறவாமல் ஆடி முடித்துவிடுவார்கள். பலகையில் எழுதிய சொல்லை இருவர் ஓடிப்போய் அடிக்கும் போட்டியிலோ, இருவர் ஓட, மற்றவர்கள் கூச்சல் போடுகிறார்கள். மேற்பார்வைக்கு வந்த அதிகாரிக்கு வகுப்பு வெகு உற்சாகமாக இருப்பதாகத் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். 30 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிஷம். ஒருவர்பின் ஒருவராக ஆடினால், உபாத்தியாயர் ஒரு வார்த்தையும் பேசாமலிருந்தாலுங்கூட, தலைக்கு ஒரு நிமிஷமும் 20 விநாடியும் கிடைக்கும். அதே பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்துவிட்டால், ஒரே சமயத்தில் 15 பேர் பேசுகிறார்கள். 10 நிமிஷத்தில் ஒவ்வொருவனும் 5 நிமிஷம் பேசிவிடுவான். சத்தம் அதிகமாகும் என்பது மெய்யே. பாஷை வகுப்பில் சத்தமில்லாமலிருப்பதுதான் கவலைக்குரியது.

இவற்றுள் மிகவும் கொடியது, தவறு செய்தவனை வெளியேற்றும் ஆட்டம். முதல் தவறு செய்கிறவன் யார்? வீட்டிலே புத்தகத்தைக் கண்டறியாத கூலிக்காரர் மகன். திருப்பூருக்குப் பிழைக்க வந்த வெளி ராஜ்யத்துத் தொழிலாளியின் மகள். தாய்பாஷை வேறாயிருக்கும் மலைவாசிக் குழந்தை. இவர்களுக்குத் தமிழ்ப் பாடமே ஒரு புதிய பாஷைப் பாடமாக இருக்கக்கூடும். அதிகப் பழக்கம் வேண்டியவன் முதலில் சுவரோரம் உட்காருகிறான். பழக்கம் வேண்டாதவன் கடைசிவரை ஆடிக் கைதட்டல் பெறுகிறான். சமத்துவத்தைப் பற்றி நாம் மேடையில் பேசுகிறோம். அது ஐந்து வயதில், ஒரு விளையாட்டின் விதியிலேயே கெட்டுப்போகிறது! இதற்குப் பரிகாரம் சுலபம். தோற்றவன் வெளியேறாமல், அந்தச் சொல்லை நண்பனிடம் கேட்டறிந்து மறுபடியும் ஆடட்டும். வெற்றி தோல்வி தனி ஆளுக்கன்றி அணிக்கு இருக்கட்டும்.

எத்தனை சொற்கள் என்பதும் யோசிக்கத்தக்கது. ஒரே நாளில் இருபது பழங்களின் பெயரைப் படத்தில் காட்டி ஒப்பிக்க வைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. ஒரே இனத்துச் சொற்களை ஒரே சமயத்தில் புதிதாகக் கற்பவர்கள், ஒன்றை மற்றொன்றாக மயங்கி அதிகம் தடுமாறுகிறார்கள் என்று 1990-களில் நடந்த சில பரீட்சைகள் காட்டின. பத்துப் பழங்களைவிட, ஒரு கதையில் சேர்ந்து வரும் மாம்பழம், ஏணி, காவற்காரன், ஓடு, ஒளி என்ற ஐந்தாறு சொற்கள் எளிதில் பதியும். பதிந்தது நிலைக்கவேண்டுமானால் திரும்ப வரவேண்டும். கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறதென்பதை எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தம்மையே பரீட்சித்து எழுதிவைத்தார். இன்று ஆடிய ஆட்டத்தை நாளைக்கும், அடுத்த வாரத்துக்கும், மறு மாதத்துக்கும் ஐந்து நிமிஷமாவது திருப்பி ஆடுவது, தினம் ஒரு புது ஆட்டம் காட்டுவதைவிட மேலானது.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2012-13 முதல் நம் சர்க்கார் பள்ளிகளிலேயே ஆங்கில வழி வகுப்புகள் பெருகின. பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டுமென்ற ஏழைப் பெற்றோரின் ஆசையை நாம் குறைகூறவில்லை; அந்த ஆசையை வைத்து வியாபாரம் செய்யும் தனியார் பள்ளிகள் எத்தனையோ இருக்க, ஏழைகளை மட்டும் கடிந்து பயனென்ன? ஆனால் கைவீசிக் கோஷ்டியாகப் பாடும் ஆங்கிலக் குழந்தைப் பாட்டைக் கேட்டு மகிழும் தந்தை, பாடி முடித்த குழந்தையை அழைத்து, அப்பாட்டில் வரும் ஒரு சொல்லுக்குரிய பொருளை எடுத்துவரச் சொல்லிப் பார்க்கட்டும். எடுத்துவந்தால் பள்ளியைப் பாராட்டலாம். விழித்தால், தாம் பணம் கொடுத்து வாங்கியது பாஷையன்று, ஓசை என்று அறியலாம். தாய்பாஷையில் பொருளும் பெயரும் இணைந்து நின்ற மனத்தில்தான் இரண்டாவது பெயர் ஒட்டும். ஆகவே தமிழ்ச் சொல்லோடு ஆடிப் பழகுவது ஆங்கிலத்துக்கு விரோதமன்று, அதற்கு அஸ்திவாரம்.

இவ்வளவையும் செய்யவேண்டியவர் யார்? உபாத்தியாயர். அவர் நிலைமையையும் பார்க்கவேண்டும். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 பிள்ளைகள் வரையுள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு உபாத்தியாயர்கள் போதும். வகுப்புகளோ ஐந்து! ஒருவர் விடுமுறையில் போனால், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூரையின் கீழ் மேய்க்கவேண்டும். அதனிடையே கைப்பேசியில் கணக்கு அனுப்பவேண்டும், பட்டியல் நிரப்பவேண்டும். புதிய திட்டம் வரும்போதெல்லாம் புதிய பெயர்களைக் கற்கவேண்டும். விளையாட்டு நடத்துவதற்குச் சாமான் அதிகம் தேவையில்லை. ஆயத்தம் செய்ய அவகாசமும், நிம்மதியான மனமும் தேவை. பெட்டியை அனுப்பிவிட்டோம் என்று மேலதிகாரிகள் திருப்தியடைவது போதாது. பெட்டி உடைந்துவிடுமோ என்ற பயத்தால் அலமாரியில் பூட்டி வைக்கப்படும் பொம்மை எந்தக் குழந்தைக்கும் ஒரு சொல்லையும் கற்பித்ததில்லை. புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் பூட்டுக்கு உட்படாதவை.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். சர்க்கார் உபாத்தியாயர்களைக் கணக்கெழுதும் வேலையிலிருந்து விடுவித்து, காலி ஸ்தானங்களைப் பூர்த்தி செய்யவேண்டும். வகுப்பைப் பார்வையிடுவோர், எவ்வளவு ஆரவாரம் இருந்ததென்று எழுதாமல், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தை எத்தனை முறை வாய் திறந்து பேசிற்று என்று எழுதவேண்டும். பொதுஜன ஊழியர்களுக்கும் இதில் கடமையுண்டு. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர். அங்கத்தினரில் பாதிப்பேர் பெண்கள். இக்குழுக்கள் சுண்ணாம்பு அடிப்பதையும் சுவர் கட்டுவதையும் பேசுவதோடு, தங்கள் குழந்தைகள் இந்த மாதம் கற்ற சொற்கள் எவை என்றும் கேட்கட்டும். ஊரிலுள்ள பாட்டிமார்களை வாரம் ஒரு மணி நேரம் விடுகதை போட அழைக்கட்டும். இதற்கு எந்தச் சர்க்காரின் உத்தரவும் வேண்டியதில்லை. எந்தக் கட்சியின் அநுமதியும் வேண்டியதில்லை.

ஒரு ஜாதியாரின் பாஷை வாழ்கிறதா, தேய்கிறதா என்பதைத் தீர்மானிப்பது சட்டசபைத் தீர்மானங்கள் மாத்திரமல்ல. ஆறு வயதுக் குழந்தை தான் கண்டதை, கேட்டதை, வேண்டியதை, வேண்டாததை அப்பாஷையில் தயக்கமின்றிச் சொல்கிறதா என்பதே முடிவான சோதனை. தமிழுக்காகச் சிறை சென்றவர்களும், உயிர் கொடுத்தவர்களும் இந்நாட்டில் உண்டு. அத்தகைய தியாகத்தை இன்று ஒருவரும் நம்மிடம் கேட்கவில்லை. வாரத்தில் ஒருநாள் அருகிலுள்ள ஆரம்பப் பள்ளிக்குப் போய், தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, துணியை விரித்து ஏழு பொருள்களைப் பரப்பும் அளவுக்குப் பொறுமை இருந்தால் போதும். அந்தப் பொறுமை நம்மிடம் உண்டா என்பதை நமது நேயர்கள் செய்கையால் காட்டுவார்களென்று நம்புகிறோம்.